எண்ணூர் சாம்பலும் கிரீன்லாந்து பனியும்: யார் இந்த க்ளேர் பேட்டர்சன்?

எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர்களுக்கு அது செய்தியே இல்லை. நம்ம ஏரியா இப்படித்தான் என்று பழகிப்போயிருக்கும். ஆனால், பழகிப்போனதெல்லாம் இயல்பானது ஆகிவிடுமா? ஈயத்தை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டவர்தான் க்ளேர் பேட்டர்சன்.

1922-ல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் பிறந்த வேதியியலாளர். விண்கல்லில் இருந்த ஈயத்தை அளந்து, பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1956-ல் கணக்குச் சொன்னவர். அந்த வேலையில் அவருக்குப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. காற்று, தண்ணீர், குடுவை என எதைத் தொட்டாலும் ஈயம்! தூசு நுழையாத ஆய்வகம் அமைத்த பிறகே சரியான எண் கிடைத்தது. சரி, இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது?

பனி சொன்ன கணக்கு

துருவப் பகுதியில் பெய்யும் பனி, அந்தந்த ஆண்டுக் காற்றில் இருந்த தூசையும் சேர்த்து அடுக்கடுக்காகப் புதைத்துவைக்கும். 1960-களில் கிரீன்லாந்துப் பனியைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தது பேட்டர்சன் குழு. கி.மு. 800 காலத்துப் பனியைவிட 1965 பனியில் ஈயம் 200 மடங்குக்கும் மேல். அதிலும் 1940-க்குப் பிறகு கிடுகிடு ஏற்றம். பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயமே முக்கியக் காரணம்.

எல்லோர் உடம்பிலும் ஈயம் இருப்பதால் அது இயல்பான அளவுதான் என்றது தொழில்துறை. பரவலாக இருப்பது வேறு, இயற்கையாக இருப்பது வேறு என்று 1965-லேயே எழுதினார் பேட்டர்சன். விளைவு? பெட்ரோலியத் துறையிலிருந்து வந்த ஆய்வு நிதி நின்றுபோனது. காற்றில் ஈயம் குறித்து ஆராய 1971-ல் அமைந்த அமெரிக்க தேசியக் குழுவிலும் அவருக்கு இடமில்லை. ஆனாலும் அவர் விடவில்லை.

1995 டிசம்பர் 5-ல் இறந்தார். அடுத்த மாதமே அமெரிக்காவில் வாகனங்களுக்கு ஈய பெட்ரோல் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. இந்தியா 2000-ல் கைவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

எண்ணூருக்கு என்ன பாடம்?

இங்கே பனி இல்லை, ஆனால் சேறு இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் சேற்றில் உள்ள உலோகங்களை அளந்தால், அந்த எண்ணைப் பக்கத்து ஊர்ச் சேற்றோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. அனல்மின் நிலையம் வருவதற்கு முன் படிந்த அடிச்சேற்றோடும் ஒப்பிட வேண்டும். எது இயல்பு என்பது அப்போதுதான் தெரியும்.