காயம்பட்டோரைத் தேடிச் சென்ற வைத்தியர்

அடிபட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மாண்டான் என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். படித்துவிட்டு விதி என்று சொல்லி அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். இது விதியன்று, ஏற்பாட்டுக் குறையே என்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டு, அக்குறையை நீக்குவதற்குத் தம் ஆயுளைச் செலவிட்டவர் ஒருவர் உண்டு. நெப்போலியனுடைய சேனையில் தலைமைச் சஸ்திர வைத்தியர்களுள் ஒருவராக விளங்கிய டொமினிக் ழான் லாரே என்பவரே அவர். அவருடைய சரிதத்தை நம் வாசகர்கள் முன் சுருக்கமாக வைக்க விரும்புகிறோம்.

பிரஞ்சு தேசத்தின் தென்கோடியில், பிரெனீஸ் மலைச்சாரலிலுள்ள போதேயான் என்ற சிற்றூரில் 1766-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி லாரே பிறந்தார். தந்தை பாதரட்சை தைத்துப் பிழைத்தவர். பதின்மூன்றாவது வயதில் அநாதையான சிறுவர், துலூஸ் நகரில் சஸ்திர வைத்தியராயிருந்த தம் சிற்றப்பரிடம் சேர்ந்து தொழில் கற்றார். 1787-ல் பாரிஸுக்குச் சென்று, கடற்படை வைத்தியராகக் கப்பலேறி வட அமெரிக்கக் கரைவரை போய் வந்தார். பிறகு பாரிஸின் பெரிய தர்ம ஆஸ்பத்திரியில் தெஸோ என்ற பேராசிரியரிடம் பயின்றார். 1789-ல் புரட்சி எழுந்தது. 1792-ல் லாரே ரைன் நதிக்கரைச் சேனையில் வைத்தியராய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் கண்ட காட்சி அவருடைய வாழ்க்கையின் போக்கையே நிர்ணயித்தது. வைத்திய வண்டிகள் போர்முனைக்கு ஏறக்குறைய மூன்று மைலுக்கு அப்பால் நிற்கவேண்டும் என்பது அக்காலத்துச் சட்டம். சண்டை ஓய்ந்த பிறகே அவை நகரும். அதற்குள் ஒரு பகலும் ஓரிரவும் கழிந்துவிடும். சில சமயம் அதற்கு மேலும் ஆகும். குண்டடிபட்டவன் அதுவரை மண்ணிலே கிடந்து இரத்தம் சிந்துவான். அல்லது புண் அழுகி மாளுவான். சிதைந்த அங்கத்தை முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீக்கினால் பிழைப்பவர் பலர் என்று லாரே கண்டார். ஆகவே, வைத்தியர் கையில் திறமை இருந்தும், காயம்பட்டவன் அக்கையை அடையத் தாமதமாவதே மரணத்துக்குக் காரணமாயிற்று.

குதிரைகள் பூட்டிய பீரங்கிகள் களத்தில் இங்குமங்கும் பறந்து செல்வதை அவர் பார்த்தார். கொல்லும் கருவிக்குக் கிடைத்த வேகம் காக்கும் கருவிக்கு ஏன் கிடைக்கலாகாது என்று எண்ணினார். அவ்வெண்ணத்தினின்று பிறந்ததே பறக்கும் ஆம்புலன்ஸ் என்று பெயர் பெற்ற வண்டி. சமநிலத்துக்கு இரண்டு சக்கர வண்டி. மலைப்பாதைக்கு நான்கு சக்கர வண்டி. உள்ளே காயம்பட்டோரைக் கிடத்தி நகர்த்த உருளைகளின்மேல் அமைந்த மெத்தை. காற்றுக்குச் சிறு சாளரங்கள். 1797-ல் இத்தாலியப் படையெடுப்பின்போது, குதிரையேறிய வைத்தியர்களும் உதவியாளர்களும் அடங்கிய சுமார் 340 பேர் கொண்ட படையாக இதை மூன்று பிரிவுகளில் ஒழுங்குபடுத்தினார். சண்டை நடக்கும்போதே அவர்கள் களத்துக்குட் சென்று, இரத்தத்தைக் கட்டி, காயம்பட்டோரை எடுத்து வந்தனர்.

1798-ல் நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்றபோது இவ்வண்டிகள் மணலில் பயன்படவில்லை. லாரே மனந்தளரவில்லை. அந்நாட்டு ஒட்டகத்தின் இருபுறமும் பெரிய கூடைகளைத் தொங்கவிட்டு, காயம்பட்டோரை அவற்றிலே நீட்டிக் கிடத்திக் கொண்டுசென்றார். 1809-ல் டான்யூப் நதியிலுள்ள லோபாவ் தீவில் உணவற்று நோயாளிகள் தவித்தபோது, குதிரை மாமிசத்தை வீரர்களின் மார்புக் கவசங்களிலிட்டுக் காய்ச்சி, உப்புக்குப் பதிலாக வெடிமருந்தைத் தூவி அவர்களுக்கு ஊட்டினார். இல்லாததை எண்ணி ஏங்காமல் இருப்பதைக்கொண்டு காரியத்தை முடிப்பதே அவருடைய முறை.

அவர் வகுத்த மற்றொரு நியதி இதனினும் உயர்ந்தது. காயத்தின் கடுமை ஒன்றே சிகிச்சையின் வரிசையை நிர்ணயிக்கவேண்டும்; பதவியோ தேசமோ அன்று. சேனாபதிக்குச் சிறு காயமும் சிப்பாய்க்குப் பெருங்காயமும் ஏற்பட்டால் சிப்பாயே முதல்வன். பகைவனுக்கும் இதே நீதி. 1812-ல் ரஷ்யாவில் பொரோதினோ போரில் ஒரே நாளில் சுமார் இருநூறு அங்கச்சேதங்களை அவர் செய்தார். அச்சேனை சிதறிப் பின்வாங்கியபோது, பெரெஸினா நதிப் பாலத்தின் நெரிசலில் அகப்பட்ட லாரேயை வீரர்கள் அடையாளங் கண்டு, தங்கள் தலைகளுக்கு மேலாகக் கைமாற்றிக் கரை சேர்த்தனர். அவர்கள் செலுத்திய நன்றி அது.

1813-ல் பௌட்ஸன் போருக்குப் பின், கைகளில் காயமுற்ற இளம் வீரர்கள் பலர் போருக்கு அஞ்சித் தாமே சுட்டுக்கொண்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சக்கரவர்த்தியும் அதை நம்பினார். அவர்களுக்குக் கடுந்தண்டனை காத்திருந்தது. லாரே காயங்களைப் பரிசோதித்து, அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அஞ்சாமல் அறிக்கை கொடுத்தார். அதிகாரத்தின் முன் உண்மையைச் சொல்வதும் வைத்தியரின் கடமையே என்பதை இதனால் அறிகிறோம்.

1815-ல் வாட்டர்லூவில் பிரஷ்யரிடம் சிறைப்பட்டுச் சுடப்படும் தறுவாயில், தம்முடைய பிரசங்கத்தை முன்னர் கேட்டிருந்த எதிரிப் படை வைத்தியர் ஒருவரால் அவர் உயிர் தப்பினார். நெப்போலியன் தம் மரண சாஸனத்தில் அவரைத் தாம் கண்ட மனிதரில் மிக்க நல்லொழுக்கமுடையவர் என்று போற்றி, ஒரு லட்சம் பிராங்கு எழுதிவைத்தார். 1842 ஜூலை 25-ல் லாரே லியோன் நகரில் காலமானார்.

அவர் தொடர்ந்து சென்ற படையெடுப்புகளை நாம் போற்றவில்லை. எகிப்தியரும் ரஷ்யரும் அப்படையை அழைக்கவில்லை. ஆயினும் ஆக்கிரமிப்பின் சேவையில் பிறந்த முறை, இன்று ஏழை மக்களின் சொத்தாகியிருக்கிறது.

அதற்குச் சான்றுகள் உள. 1997 முதல் 2001 வரை வட ஈராக்கிலும் கம்போடியாவிலும் கண்ணிவெடிகள் புதைந்த பிரதேசங்களில் கிராமவாசிகளுக்கு முதலுதவி கற்பிக்கப்பட்டது. அவர்களுக்கு மேல் பயிற்சி பெற்ற உள்ளூர் வைத்திய உதவியாளர்கள் நிறுத்தப்பட்டனர். காயமடைந்தோரில் நூற்றுக்கு 40 பேர் மாண்ட நிலை மாறி, மாண்டவர் 15 பேரளவாகக் குறைந்தனர். கானா தேசத்தில் 335 வாடகை வண்டியோட்டிகளுக்கு இத்தகைய பயிற்சி அளித்தனர். பின்னர் விசாரிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கற்றதை நேரில் பயன்படுத்தியிருந்தனர். எகிப்தின் ஒட்டகம் எதுவோ, கானாவின் வாடகை வண்டியும் அதுவே.

பெரிய ஆஸ்பத்திரிகள் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவற்றின் வாசலுக்கும் அடிபட்டவன் கிடக்கும் இடத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை யார் கடப்பது என்று கேட்கிறோம். பணமில்லை என்பது இதற்கு விடையாகாது. பொது வாழ்வில் ஈடுபட்ட அன்பர்கள் தத்தம் ஊரில் பத்துப் பேருக்கேனும் இரத்தப் பெருக்கை நிறுத்தவும், அடிபட்டவனைப் பதமாகத் தூக்கவும் கற்பிக்க ஏற்பாடு செய்தால், அதுவே லாரேக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.