மயிலாடி மகராசன் வேதமாணிக்கம்

கடவுள் இன்ன இடத்தில்தான் இருப்பார், இன்னாருக்குத்தான் தோன்றுவார் என்று மனிதர் வேலி கட்டுவதுண்டு. அவ்வேலிக்கு அப்பால் அவரைக் கண்டுகொண்ட ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

இன்று குமரி மாவட்டத்திலுள்ள மயிலாடி, அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்த சிற்றூர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்குச் சாம்பவர் குலத்தில் பிறந்த மகராசன் பக்தியில் சிறந்தவர். தில்லையைக் காணும் வேட்கையால் நெடுந்தொலைவு யாத்திரை சென்றார். ஆயினும் தேடிய அமைதி அங்கே கிட்டவில்லை. திரும்பும் வழியில், தஞ்சையில் கோலாப் ஐயர் நடத்திய ஆராதனையைக் கண்டார். எண்ணிப் புறப்படாத இடத்தில் அவர் உள்ளம் உருகிற்று. திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

ஈண்டு ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. அக்காலத் தஞ்சைச் சபையிலும் சாதிவாரியாகவே மக்கள் அமர்ந்தனர். சபைகளில் சாதி கூடாதெனப் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டது 1833 இல்தான். எனவே, குறையற்ற சபையொன்றைக் கண்டு அவர் மனம் மாறினார் என்று கொள்ளற்க. மனிதர் பிரித்து வைத்த இடத்திலும் கடவுள் பிரிந்து நிற்பதில்லை என்பதே அவர் வாழ்வு நமக்குக் காட்டுவது.

ஊர் திரும்பிய அவர், தம் மக்களுக்குப் போதகர் ஒருவர் வேண்டுமென்று கேட்டார். அதன் பயனாக இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே ஐயர் 1806 இல் திருவிதாங்கூர் வந்தார். 1809 இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அவ்வாண்டில் அங்குத் தொடங்கிய பள்ளியையே நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி தன் வேராகக் கொள்கிறது.

1816 இல் ரிங்கல்தௌபே ஐயர் உடல்நலங் குன்றி விடைபெற்றபோது, பொறுப்பனைத்தையும் வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். 1818 இல் மீட் ஐயர் மயிலாடி வந்து சேரும்வரை, குருப்பட்டம் பெறாத அவரே சபையைக் காத்தார். ஒடுக்கப்பட்டோர்க்குத் திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் திறந்ததோ 1936 இல்தான். அதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே, தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்ட ஒருவர் கையில் இறைப்பணி தழைத்தது. வெள்ளைக்காரர் இல்லையேல் சபையில்லை என்ற எண்ணமும் அதனால் பொய்த்தது.

நாடுகாணி இளைஞர்களே! நம் மலைமேட்டில் நின்றால் நிலம்பூர்ப் பக்கத்துத் தாழ்நிலம் விரியக் காண்கிறோம். பள்ளத்தில் நிற்பவருக்கு அது தெரிவதில்லை. சமயத்திலும் அத்தகைய பரந்த நோக்கு நமக்கு வேண்டும். ஞாயிறு ஆராதனையில் மட்டுமே கடவுள் இருப்பதாக எண்ணாதிருப்போம். தேயிலை பறித்துச் சோர்ந்து வரும் தாயின் கையிலும், லைன் வீட்டு விளக்கொளியில் படிக்கும் பிள்ளையின் முகத்திலும் அவரைக் காண்போம். கண்டபின் அத்தாய்க்குத் துணை நிற்போம். அப்பிள்ளையின் கல்வி இடையில் முறியாமல் காப்போம். வேதமாணிக்கத்துக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.