அடுப்புக்குக் கணக்கு எழுதிய ஆடிட்டர்

கொல்லிமலையின் ஊர்கள் பலவும் கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பவை. மார்கழி, தை மாதங்களில் அங்கே குளிர் எலும்பைத் தொடும். மலைவாசிகளின் பழைய வீடுகளில் குளிருக்கென்று தனிக் கணப்பு கிடையாது. அடுப்பு ஒன்றுதான். களி கிண்டுவதும் அதில்தான். இரவில் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வதும் அதன் அருகில்தான். ஒரே விறகு, இரண்டு வேலை. ஆனால் புகையும் அதே கூரைக்குள்தான்!

சமவெளியிலோ கதை வேறு. சமையலுக்கு ஓர் அடுப்பு, குளிக்கும் வெந்நீருக்கு இன்னோர் அடுப்பு. வசதியுள்ள வீடுகளில் நடுவே குழாய் வைத்த செப்புப் பாய்லர் இருந்தது. சமையலறையில் சூடு வீணாகிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் கொல்லையில் வேறு விறகு எரிந்துகொண்டிருக்கும்.

எரிகிற விறகில் பயன்படுவது எவ்வளவு, பாழாவது எவ்வளவு? இந்தக் கணக்கைப் பார்க்கச் சீமையில் படித்த ஆடிட்டர் ஒருவர் முன்வந்தார். அவர் தஞ்சாவூரில் பிறந்த தமிழர். பெயர் ஜே. சி. குமரப்பா.

பட்டு உடையும் சாணத் தரையும்

1892 ஜனவரி 4-ம் தேதி, ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை மராமத்து இலாகா உத்தியோகஸ்தர். பிள்ளைக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னீலியஸ். குமரப்பா என்பது மூதாதையர் பெயர். அதைப் பின்னாளில்தான் அவர் மீண்டும் சூட்டிக்கொண்டார்.

லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, அங்கேயே வேலையும் பார்த்தார். பிறகு பம்பாய்க்கு வந்து 1924-ல் கூட்டாளி ஒருவருடன் சொந்தமாக ஆடிட் கம்பெனி தொடங்கினார். நடை, உடை, பாவனை எல்லாம் அசல் துரை!

1927-ல் அமெரிக்கா சென்றார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றி அங்கே ஒரு மாதா கோவிலில் பேசினார். பேச்சு பத்திரிகையில் வெளிவந்தது. அதைக் கண்ட கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் செலிக்மன், அதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி யோசனை சொன்னார். ஆராய ஆராய, அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கே நாட்டின் வறுமைக்குக் காரணம் காட்டியது. வெள்ளைக்கார விசுவாசத்தோடு கப்பல் ஏறியவர், தேசியவாதியாகத் திரும்பினார்.

அந்த ஆராய்ச்சியைக் காந்தியடிகளிடம் காட்டுவதற்காக 1929 மே 9-ம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டு உடை, கையில் பிரம்பு. மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா பிரம்பை ஊன்றியபடி நின்று வேடிக்கை பார்த்தார். சில நிமிஷங்கள் கழித்துக் கிழவர் நிமிர்ந்து பெயரைக் கேட்டபோதுதான், தாம் பார்க்க வந்தவர் அவரே என்பது விளங்கியது. பட்டு உடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கதர்தான். கலியாணமும் செய்துகொள்ளவில்லை.

குஜராத்தில் மாத்தர் தாலுகாவின் கிராமங்களுக்குச் சென்று, வீடு வீடாக வரவு செலவு விசாரித்து அறிக்கை எழுதினார். 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் உலுக்கியது. நிவாரண நிதிக் கணக்கு குமரப்பாவின் கைக்கு வந்தது. தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்றணாதான் செலவு என்று அவர் விதி செய்திருந்தார். காந்தியடிகளும் பரிவாரமும் அங்கே வந்தபோது, அவர்களுடைய பாலுக்கும் பழத்துக்கும் நிதியிலிருந்து பணம் தர மறுத்துவிட்டார். காந்தியடிகள் அதை ஒப்புக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதர் கிராம வீட்டு அடுப்பைப் பார்த்தால் என்ன ஆகும்?

ஒரு நெருப்பில் மூன்று பானை

1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் பிறந்தது. அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவுக்கு. சங்கம் இருந்த இடத்துக்கு மகன்வாடி என்று பெயர். தமிழில் நாம் சொல்லும் மகன் அல்ல. காந்தியடிகளின் உறவினரும் தொண்டருமான மகன்லால் காந்தியின் நினைவாக வந்த பெயர். செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ, வெல்லம் என்று அங்கே பல பரிசோதனைகள் நடந்தன. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கும் அங்கே உருவானதுதான். அந்தப் பரம்பரையில் 1947-ல் வந்தது 'மகன் அடுப்பு'.

மூன்று கல்லை வைத்து மூட்டும் திறந்த அடுப்பில், விறகின் சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் பானைக்குப் போய்ச் சேருகிறது. மீதி காற்றோடு போகிறது. நம் பாட்டிமார் இதை அறியாதவர்கள் அல்ல. பெரிய அடுப்பின் பக்கத்தில் கொடியடுப்பு வைத்து, தப்பி வரும் சூட்டில் குழம்பைக் கொதிக்க வைத்தார்கள். மகன் அடுப்பு போன்ற புகையில்லா அடுப்புகள் அதே வித்தையின் அடுத்த படி. நெருப்பு எரிவது ஒரே வாயில். அந்தச் சூடு மண்ணுக்குள் அமைத்த வழியாக ஒவ்வொரு பானையின் அடியிலும் நக்கிக்கொண்டு போய், கடைசியில் புகைக்குழாய் ஏறும். முதலில் சோறு, அடுத்து குழம்பு, கடைசியில் வெந்நீர்த் தவலை. வெந்நீருக்கென்று தனி நெருப்பு வேண்டாம். கண்ணைக் கரிக்கும் புகையும் வெளியே போய்விடும். 1953-ல் ஹைதராபாத் என்ஜினீயர் எஸ். பி. ராஜு இதே துறையில் ஓர் அடுப்பை விவரித்து எழுதிய நூல் சென்னையில் வெளியாயிற்று.

சொல்லுவது சுலபம். பானை துளையில் கச்சிதமாக உட்காராவிட்டால் புகை வீட்டுக்குள்ளேயே வரும். குழாயில் கரி அடைந்தால் அடுப்பு மூச்சு விடாது. குழாய் அளவுக்கு மீறி இழுத்தாலோ சூடு முழுவதும் வானத்துக்கு. தட்டு வைத்துத் திறந்து மூடிப் பழக வேண்டும். மலை வீடுகளில் இன்னொரு சங்கடம். நெருப்பை மண்ணுக்குள் மூடிவிட்டால் குளிர் காய்வது எப்படி? பரணில் இருக்கும் தானியத்தைப் பூச்சியிலிருந்து காப்பதும் அந்தப் புகைதானே! கனத்த மண் அடுப்பு சூட்டைப் பிடித்து வைத்து மெல்ல வெளியே விடும் என்பது உண்மை. ஆனாலும் தணலுக்கு எதிரே கை நீட்டும் சுகம் அதில் வராது. 1983-ல் சர்க்கார் புகையில்லா அடுப்புத் திட்டத்தை நாடெங்கும் கொண்டுபோயிற்று. 2002-ல் அது நின்றது. கட்டிக் கொடுத்ததோடு சரி, பழுது பார்க்க ஆள் வரவில்லை என்பதே பல ஊர்களின் அனுபவம். இதனால் ஏற்பட்ட நஷ்டம் சாதாரணமானதல்ல. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது.

சம்பளமும் புதையலும்

விறகே வேண்டாம், மண்ணெண்ணெய் வாங்கினால் போயிற்று என்று கேட்கலாம். குமரப்பாவிடம் அது நடக்காது. நிலக்கரியும் எண்ணெயும் பூமிக்குள் இருக்கும் முதல். எடுக்க எடுக்கக் குறையும். புதையலுக்கு அடிதடி உண்டு, யுத்தமும் வரும். மரமோ வருஷா வருஷம் வளர்வது. அது சம்பளம் மாதிரி. முதலில் கை வைக்காமல் வரும்படிக்குள் குடித்தனம் நடத்த வேண்டும் என்பது ஆடிட்டர் கண்ட பொருளாதாரம். மரமும் வளர்வதைவிட வேகமாக வெட்டினால் முதல்தான்; ஆகவேதான் ஒரு சுள்ளிகூட வீணாகக் கூடாது. காடுகளை வருமானத்துக்காக அல்ல, ஜனங்களின் தேவைக்காகப் பேண வேண்டும் என்றும் அவர் வாதாடினார்.

இந்தச் சித்தாந்தத்தை 1940-களில் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். நிலைத்த பொருளாதாரம் என்று பொருள்படும் அந்த நூலுக்குக் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார்.

சுதந்திரம் வந்தது. காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் கமிட்டிக்குத் தலைமை வகித்தார். ஆனால் நாடு பெரிய அணைகளையும் பெரிய ஆலைகளையும் நோக்கித் திரும்பிவிட்டது. பழைய நண்பர்களே மந்திரிகளாக இருந்தபோதும் அவர் கண்டிக்கத் தயங்கவில்லை. அவரை மதித்தார்கள், அவர் பேச்சைக் கேட்கவில்லை.

கடைசிக் காலத்தில், மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதனத்துக்கு வந்து தங்கினார். உடம்பு வெகுவாகத் தளர்ந்திருந்தது. 1960 ஜனவரி 30-ம் தேதி சென்னையில் காலமானார். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் காந்தியடிகள் மறைந்ததும் அதே தேதியில்தான். அப்போது குமரப்பாவுக்கு வயது 68.