ஜூல் கோனின்

ஜூல் கோனின் (ஆகஸ்ட் 10, 1870 - ஜூன் 10, 1935) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆவார். விழித்திரை விலகலுக்கு விழித்திரையில் ஏற்படும் கிழிசலே காரணம் என்பதை நிறுவி, அதனை மூடும் அறுவை மருத்துவத்தை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்து காட்டியவர் இவரே.

வாழ்க்கை

கோனின் லோசான் நகரில் பிறந்தார். அங்கேயே மருத்துவம் பயின்று, கண் மருத்துவர் மார்க் துய்ஃபூரிடம் பணியாற்றினார். பின்னர் லோசான் பல்கலைக்கழகத்தில் கண் மருத்துவப் பேராசிரியரானார்.

விழித்திரை விலகல்

விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரைப் போர்த்தியுள்ள, ஒளியை உணரும் மெல்லிய படலம் ஆகும். வயது முதிரும்போது விழியினுள் நிறைந்துள்ள கூழ் போன்ற பொருள் சுருங்கி விழித்திரையை இழுப்பதுண்டு. இதனால் கிழிசல் ஏற்பட்டால், அதன் வழியே நீர்மம் புகுந்து விழித்திரையை அடிப்படலத்திலிருந்து பிரிக்கிறது. பிரிந்த பகுதிக்கு ஊட்டம் குறைவதால் பார்வை கெடுகிறது. மிகுந்த கிட்டப்பார்வை, கண்ணில் அடிபடுதல், கண்புரை அறுவை ஆகியன இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. திடீரெனப் பல கரும்புள்ளிகள் மிதப்பதும், மின்னல் போன்ற ஒளி தோன்றுவதும், பார்வையின் ஒரு பக்கத்தில் திரை விழுவதும் இதன் அறிகுறிகள். பொதுவாக வலி இருப்பதில்லை.

அறுவை முறை

கோனினுக்கு முன்பும் சிலர் கிழிசல்களைக் கண்டிருந்தனர். எனினும் பெரும்பாலான மருத்துவர்கள் அவற்றை நோயின் காரணமாகக் கருதவில்லை. நோயாளிகள் வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைக்கப்பட்டனர். நீர்மம் மட்டும் வெளியேற்றப்பட்டது. குணமடைந்தோர் மிகச் சிலரே.

கோனின் கண் அகநோக்கியால் கிழிசலைத் தேடிக் கண்டறிந்து, அதன் இருப்பிடத்தைக் கணக்கிட்டு விழியின் வெளிப்பரப்பில் குறித்துக்கொண்டார். அவ்விடத்தில் வெண்படலத்தைத் திறந்து, சூடேற்றிய கருவியின் முனையைச் செலுத்தினார். தேங்கிய நீர்மம் வெளியேறியது. சூட்டினால் உண்டான தழும்பு கிழிசலை அடிப்படலத்துடன் ஒட்டி மூடியது. 1910களில் தொடங்கிய இம்முறை பலரின் ஐயத்திற்கு உள்ளானது. 1929 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்ற பன்னாட்டுக் கண் மருத்துவ மாநாட்டில் இது பரவலான ஏற்பைப் பெற்றது. தம் ஆய்வுகளைத் தொகுத்து 1934 இல் பிரெஞ்சு மொழியில் நூலாக வெளியிட்ட கோனின், அடுத்த ஆண்டு காலமானார்.

தாக்கம்

சூட்டுக்கோல் இன்று பயன்பாட்டில் இல்லை. கிழிசல் மட்டும் இருப்பின் சீரொளியாலோ உறைகுளிராலோ அதனைச் சுற்றித் தழும்பு உண்டாக்கப்படுகிறது. விழித்திரை விலகியிருந்தால் விழியைச் சுற்றிச் சிலிக்கோன் பட்டை பொருத்துதல், விழிக்கூழை அகற்றுதல், வளிமக் குமிழி செலுத்துதல் ஆகிய முறைகள் கையாளப்படுகின்றன. கருவிகள் மாறினும், கிழிசலைக் கண்டறிந்து மூட வேண்டும் என்ற கோனினின் கொள்கை மாறவில்லை. மையப்பார்வைக்குரிய பகுதி பிரிவதற்கு முன் மருத்துவம் செய்தால் நல்ல பார்வை எஞ்சும் வாய்ப்பு மிகுதி என்பதால், மேற்கண்ட அறிகுறிகள் தோன்றியவுடன் கண் மருத்துவரை அணுகுதல் இன்றியமையாதது.

லோசானில் உள்ள கண் மருத்துவமனை இவர் பெயரைத் தாங்கியுள்ளது. கண் மருத்துவத்தின் உயரிய விருதுகளுள் ஒன்றான கோனின் பதக்கமும் இவர் நினைவாக வழங்கப்படுகிறது.