மாண்டிசோரி அம்மையாரின் முதல் மாணாக்கர்

மாண்டிசோரி என்னும் பெயரைக் கேளாதார் இக்காலத்து நம் நாட்டில் மிகச் சிலரே ஆவர். நம் சேலம், நாமக்கல் சமவெளியிலும் சிறுவர் பள்ளிகளின் வாயிற்பலகையில் அப்பெயர் விளங்கக் காண்கின்றோம். வண்ண மரத்துண்டுகளும், சிறு நாற்காலிகளும், கட்டணம் செலுத்த வல்ல பெற்றோரின் குழந்தைகளுமே அப்பெயரைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவன. ஆயின், அம்முறை முதன்முதல் எவர் பொருட்டுத் தோன்றியது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்தோமல்லோம். அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று உலகம் ஒதுக்கி, பித்தர் விடுதிகளில் அடைத்துவைத்த ஏழைக் குழந்தைகளே அவ்வம்மையாரின் முதல் மாணாக்கர். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலி தேசத்தில் அங்கோனா நகரை அடுத்த கியாரவல்லே என்னும் ஊரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகஸ்தர்; தாயார் நூற்பயிற்சி மிக்கவர். இளமையிலேயே குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. பெண்கள் ஆசிரியைகளாதலே போதும் என்று யாவரும் கருதிய அந்நாளில், இவர் முதலில் பொறியியலையும், பின்னர் மருத்துவத்தையும் விரும்பினார். தந்தையார்க்கு அது சிறிதும் உடன்பாடன்று, தாயாரே துணைநின்றார். ஆண் மாணவருடன் கூடிப் பிணம் அறுத்துப் பயிலுதல் பெண்ணுக்குத் தகாது என்று விலக்கப்பட்டமையால், மற்றையோர் வீடு சென்றபின் மாலைப்பொழுதில் தனியே நின்று அப்பாடத்தைக் கற்றார். 1896-ஆம் ஆண்டில் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்டிர் சிலருள் இவரும் ஒருவர்.

பட்டம் பெற்றபின் அச்சர்வகலாசாலையின் மனநோய் மருத்துவப் பகுதியில் உதவி வைத்தியராக அமர்ந்தார். அதன் பொருட்டுப் பித்தர் விடுதிகளுக்குச் சென்றுவருதல் அவர் கடமையாயிற்று. அங்கே பெரியோர்களான மனநோயாளரோடு, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் வேறு போக்கிடமின்றி அடைபட்டிருக்கக் கண்டார். ஒருகால், வெறுஞ் சுவர்களன்றி வேறொன்றுமில்லாத ஓர் அறையில், உண்டு முடித்த குழந்தைகள் தரையில் உதிர்ந்த ரொட்டித் துகள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தனராம். பெருந்தீனி வேட்கையென்று காவற்பெண் அதனை இகழ்ந்தாள். அம்மையாரோ வேறு கண்கொண்டு நோக்கினார். அவ்வறையில் தொட்டுப் பார்க்கவும், பிடித்து உருட்டவும் வேறு எப்பொருளும் இல்லை. அக்குழந்தைகளின் கைகள் வேலை தேடின. கிடைத்தது ரொட்டித் துகளே. வயிற்றின் பசியென்று பிறர் கண்டது அறிவின் பசியே என்பது அவர் துணிபாயிற்று.

இக்கருத்துடன் அவர் பழைய நூல்களைத் தேடலாயினார். பிரான்சு தேசத்து இட்டார் என்னும் வைத்தியர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காட்டிலிருந்து பிடிபட்ட ஒரு சிறுவனுக்கு ஐந்தாண்டுக் காலம் கற்பிக்க முயன்றவர். அவருடைய மாணவரான செகேன் என்பார், அறிவு குன்றிய குழந்தைகளுக்கெனப் பயிற்சிமுறை ஒன்றை வகுத்தவர். கண், செவி, கை ஆகிய பொறிகளைப் படிப்படியாகப் பழக்கி, அவற்றின் வாயிலாக அறிவை எழுப்புதலே இவ்விருவர் கண்ட நெறி. மறந்து கிடந்த அந்நூல்களை அம்மையார் சொல் தோறும் எடையிட்டுத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதிக்கொண்டார்.

1898-ஆம் ஆண்டில் தூரின் நகரில் கூடிய கல்வி மகாநாட்டில், இக்குழந்தைகளின் குறை மருந்தினும் கல்வியாலேயே பெரிதும் தீரத்தக்கது என்று எடுத்துரைத்தார். 1900-ஆம் ஆண்டில் இவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளியொன்று ரோமாபுரியில் நிறுவப்பட, அதனை நடத்தும் இருவருள் ஒருவரானார். மேற்பார்வையோடு நில்லாமல், காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை தாமே அக்குழந்தைகளுடனிருந்து கற்பித்தார். இரவில் அன்று கண்டவற்றையெல்லாம் எழுதி ஒழுங்குபடுத்தினார்.

அவர் கற்பித்த முறைக்கு ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு சிறுமிக்குக் கையில் வலிவு இருந்தும், ஊசியால் இழையோட்டித் தைக்கக் கற்பித்தபோது சிறிதும் வரவில்லை. மீண்டும் மீண்டும் ஊசியையே கொடுத்து அவளை வருத்துவதை அம்மையார் விடுத்தார். நெடுக்கே அமைந்த காகித நாடாக்களின் ஊடே, மேலும் கீழுமாக மற்றொரு நாடாவைக் குறுக்கே செலுத்திப் பாய் முடையும் விளையாட்டைக் கொடுத்தார். அது நன்கு பழகியபின் ஊசியைத் திரும்பக் கொடுத்தபோது, அவள் தடையின்றித் தைத்தாள். பாவும் ஊடையும் அறிந்த சேலத்து நெசவாளர்க்கு இதன் நுட்பம் விளக்க வேண்டுவதில்லை. ஒரு தொழிலைச் செய்யுமுன், அத்தொழிலுக்குரிய அசைவைக் கைக்கு வேறு வகையால் பழக்கவேண்டும் என்பதே அவர் அன்று கண்ட உண்மை.

எழுத்தறிவித்தலும் இவ்வாறே. மரத்தால் எழுத்துக்களைச் செய்வித்து, எழுதும் போக்கிலேயே விரலால் தடவச் செய்தார். கண் கண்டதைக் கை உணர, கை உணர்ந்ததை மனம் பற்றிக்கொண்டது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகிய நம் முன்னோர்க்கு இம்முறை அயலானதன்று. இங்ஙனம் பயின்ற குழந்தைகளுள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, மற்றைக் குழந்தைகளோடு பொதுப்பள்ளிப் பரீட்சை எழுதித் தேறினர். கண்டவர் அற்புதம் என்றனர். அம்மையாரின் வியப்போ வேறு. குறையுற்ற குழந்தைகள் எட்டிப்பிடிக்கும் அளவுக்குக் குறையற்ற குழந்தைகளின் கல்வி ஏன் தாழ்ந்துகிடக்கின்றது என்று அவர் வினவத் தொடங்கினார்.

அவ்வினாவே அவர் வாழ்வின் பிற்பகுதியை வகுத்தது. 1901-ஆம் ஆண்டில் அப்பள்ளியை விட்டு மீண்டும் சர்வகலாசாலை மாணவியாகி, தத்துவம் முதலியவற்றைக் கற்றார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் தேதி, ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைகளின் சேரியில், பெற்றோர் வேலைக்குச் செல்ல நாதியின்றித் திரிந்த குழந்தைகளுக்காகக் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. முன்னையோர்க்குப் பயன்பட்ட கருவிகளே இவர்களுக்கும் பயன்பட்டன. 1909-ஆம் ஆண்டில் அவர் நூல் வெளிவர, அவர் புகழ் கடல் கடந்தது.

ஆயினும் இன்பமே நீடிக்கவில்லை. சர்வாதிகாரி முசோலினியின் கொள்கைக்கு இணங்காமையால் 1934-ஆம் ஆண்டில் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. 1936-ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போரால் ஸ்பெயினையும் விட்டகன்றார். 1939-ஆம் ஆண்டில், பிரம்மஞான சங்கத் தலைவர் அருண்டேல் துரையின் அழைப்பை ஏற்று, 69-ஆம் வயதில் தம் புதல்வர் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஏறக்குறைய 300 பேர்க்குப் பயிற்சியளித்தார். மறு ஆண்டு இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, மாரியோ பகைநாட்டார் என்று காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரும் அடையாற்றை விட்டு வெளிச்செல்லலாகாது என்று தடுக்கப்பட்டார். அம்மையாரின் 70-ஆம் பிறந்தநாளன்று மாரியோவை வைசிராய் விடுதலை செய்தார். 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் வசித்து அங்கும் கற்பித்தார். நம் நாட்டில் அவரிடம் பயின்ற ஆசிரியர் ஏறக்குறைய ஆயிரவர். 1946-ஆம் ஆண்டில் ஐரோப்பா சென்று, மறு ஆண்டே மீண்டு வந்து மேலும் பயிற்சியளித்தார். 1952-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி ஒல்லாந்து தேசத்தில் உயிர்நீத்தார்.

நிற்க. இவ்வரலாற்றால் நாம் பெறுவது யாது? குறையுற்ற குழந்தைகளிடம் கண்டறிந்த செல்வத்தைக் குறையற்ற குழந்தைகள் பெற்றனர், அது நன்றே. ஆனால் அச்செல்வத்தின் முதல் உரிமையாளர் எங்கே? நம் ஊர்களிலும், விருந்தினர் வருங்கால் உள்ளறையில் மறைக்கப்படும் பிள்ளைகள் உளர். வகுப்பின் கடைசிப் பலகையில் ஆண்டெல்லாம் வாளாவிருக்கும் பிள்ளைகள் உளர். முப்பது வயது கடந்தும் தம் சட்டைப் பொத்தானைப் பிறர் மாட்டிவிட வாழ்வோர் உளர். 2016-ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட அளவு குறைபாடு உடைய குழந்தைகள் 6 வயது முதல் 18 வயது வரை கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமையை வழங்கியுள்ளது. சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கும். அருகே அமர்ந்து விரலைப் பிடித்துக் கற்பிக்க மனிதரன்றோ வேண்டும்?

அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. முறத்தில் புளியங்கொட்டையையும் நஞ்சற்ற வேறு விதைகளையும் கலந்து வேறு பிரிக்கச் செய்யலாம்; ஒரு செம்பு நீரைச் சிந்தாமல் ஊற்றப் பழக்கலாம்; கல்வி பெறாமலே வளர்ந்துவிட்டவர்க்கு, ராட்டையில் தார் சுற்றுதல் போன்ற வீட்டுத்தொழிலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கலாம். ஒரு படியில் தவறினால் அடுத்ததற்குச் செல்லாது, அதற்கும் முந்திய படிக்கு இறங்கிவருதலே அம்மையார் காட்டிய வழி. நம் கல்லூரி மாணவர், தம் விடுமுறை நாட்களில் தத்தம் ஊரில் இத்தகையார் ஒருவர்க்கேனும் நாளொன்றுக்கு ஒருமணி நேரம் துணையிருப்பாராயின், அம்மையார் நம் மண்ணில் கழித்த ஆண்டுகள் வீண்போகா. கற்க இயலாதவர் என்று ஒருவரைக் கூறுமுன், அவருக்கேற்பக் கற்பித்துப் பார்த்தோமா என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்வோமாக.