கல்வித்தாய் சாவித்திரிபாய் பூலே

மராட்டிய நாட்டின் சதாரா மாவட்டத்திலுள்ள நாய்கான் என்னும் சிற்றூரில், தோட்டப்பயிர் செய்யும் மாலி குலத்தில், 1831ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் சாவித்திரிபாய் பிறந்தார். 1840இல் பதின்மூன்று வயதுச் சோதிராவ் பூலேவுக்கு அவரை மணம் முடித்தனர். எழுத்தறியாச் சிறுமியாகவே அவர் புகுந்த வீடு வந்தார். பெண் படித்தால் குலத்துக்குக் கேடு என்று ஊர் நம்பிய அந்நாளில், கணவரே அவருக்கு எழுத்தறிவித்தார். பின்னர் அகமதுநகரிலும் புனேயிலும் அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றார்.

1848இல் புனே நகரின் பிடே வாடாவில் இருவரும் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். ஆசிரியைக்கு அப்போது வயது பதினேழு. நம் மகளிர் பலர் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும் வயது அது!

வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியே அவருக்குப் போர்க்களமாயிற்று. வைதிகர் ஏசினர், சேற்றையும் சாணத்தையும் கல்லையும் எறிந்தனர். அம்மையார் வழியை மாற்றவில்லை, பள்ளியை மூடவுமில்லை. மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, பள்ளியில் உடை மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார். மாலையில் கறைபட்ட சேலையையே மீண்டும் உடுத்தித் திரும்பினார் என்பர். ஒருநாள் காட்டும் வீரம் பலருக்கும் வாய்க்கும். நாள்தோறும் சேறுபட்டும் மறுநாள் அதே தெருவில் நடந்த துணிவையே நாம் பெரிதெனக் கருதுகிறோம்.

எதிர்ப்பு வீட்டையும் எட்டியது. ஊராரின் நெருக்குதலுக்கு அஞ்சிய மாமனார், 1849இல் மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேறச் செய்தார். உஸ்மான் சேக் என்னும் இசுலாமிய நண்பர் அவர்களுக்குப் புகலிடம் தந்தார். அவர்தம் குடும்பத்துப் பாத்திமா சேக், சாவித்திரிபாயுடன் ஆசிரியையாகப் பணியாற்றினார். உறவு கைவிட்ட நேரத்தில் வேற்றுச் சமயத்தார் கைகொடுத்ததை நாம் மறத்தலாகாது.

தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மகார், மாங் குலப் பிள்ளைகளுக்கும் பூலே தம்பதியர் பள்ளிகள் அமைத்தனர். அவற்றில் பயின்றவர்களுள் முக்தா என்னும் மாங் குலச் சிறுமியும் ஒருத்தி. தம் மக்கள் படும் துயரை அவள் கட்டுரையாக எழுத, 1855இல் ஞானோதயா இதழ் அதனை வெளியிட்டது. மதநூல்களைத் தொடவும் எங்களுக்கு உரிமையில்லையெனில் எங்கள் மதம் எது என்று அச்சிறுமி கேட்டாள். அப்பள்ளிகளின் பயனைக் காட்ட இவ்வொன்றே போதும்.

கைம்பெண்களின் குழந்தைகளைக் காக்க 1863இல் இல்லம் அமைத்ததும், கவிதை நூல்கள் படைத்ததும் தனியே விரித்துரைக்கத் தக்கவை. 1890இல் கணவர் மறைந்தபோது, ஆண்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட வழக்கை மீறி, இறுதி ஊர்வலத்தில் தாமே தீச்சட்டி ஏந்தி முன்னே நடந்தார்.

1897இல் புனேயைக் கொள்ளைநோய் சூறையாடிற்று. வளர்ப்பு மகன் மருத்துவர் யசுவந்துடன் அம்மையார் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். முந்துவா என்னுமிடத்தில் நோயுற்றுக் கிடந்த மகார் குலச் சிறுவன் ஒருவனைத் தாமே தோளில் சுமந்து மருத்துவமனை சேர்த்தார். சிறுவன் பிழைத்தான். நோய் தொற்றிய அம்மையார் மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் இயற்கை எய்தினார்.