வரியைக் குறைக்கச் சொன்ன வரி அதிகாரி: யார் இந்த தாமஸ் மன்றோ?

2022-ல் தமிழக அரசு சொத்து வரியைத் திருத்தியது. வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை வரி கூடியது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் லோன் போட்டு வீடு வாங்கியவர்களுக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் தொகையை எந்தக் கணக்குல போட்டாங்க?

இதே கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய ஒருவர், அண்ணா சாலையில் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் சிலையாக இருக்கிறார். அவர்தான் சர் தாமஸ் மன்றோ.

சிப்பாய் டு கலெக்டர்

1761-ல் கிளாஸ்கோவில் பிறந்த மன்றோ, 1780-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை வந்தார். ஹைதர் அலிக்கு எதிராகப் போரிட்டார். 1792-ல் பாரமகாலுக்கு, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பகுதிக்கு, வரி வசூல் பணியில் அனுப்பப்பட்டார். ஜமீன்தார் என்ற இடைத்தரகர் இல்லாமல், ஒவ்வொரு விவசாயியிடமும் அரசே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை அங்கேதான் கற்றார்.

சொந்தக் கணக்கே அதிகம்

1800 முதல் 1807 வரை கடப்பா, பெல்லாரி பகுதிகளின் கலெக்டர். கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றினார். வயல்களை அளந்து, மண்ணைத் தரம் பிரித்து வரி போட்டார்கள். முடிவில் அவரே சொன்ன விஷயம்தான் ஆச்சரியம்: இந்த வரி அதிகம், 25 சதவீதம் குறைக்க வேண்டும். வரி போகக் கையில் ஏதாவது மிஞ்சினால்தான் நிலத்துக்கு விலை இருக்கும், விவசாயி அதில் பணம் போடுவார் என்பது அவர் வாதம்.

வருமானம் குறையுமே என்று கம்பெனி ஏற்கவில்லை. கிராமங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டது. 1820-ல் மன்றோ சென்னை மாகாண கவர்னர் ஆன பிறகுதான் ரயத்துவாரி திரும்பியது, அந்தக் குறைப்பும் வந்தது. 1827 ஜூலை 6-ல், அதே பகுதிக்குச் சுற்றுப்பயணம் போனபோது பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார். சிலை 1839-ல் நிறுவப்பட்டது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. வரி வசூலுக்காக விவசாயிகள் சித்திரவதை செய்யப்பட்டதை, சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1855-ல் உறுதி செய்தது. காகிதத்தில் முறை நல்லா இருந்தா மட்டும் போதாது.

இன்று என்ன?

மன்றோ போட்டது நிலவரி. அது அரசுக்குப் போனது. சொத்து வரி மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் போகிறது. கட்டடத்தின் பரப்பு, பயன்பாடு, இருக்கும் தெரு ஆகியவற்றைப் பார்த்துப் போடுகிறார்கள். ஆனா அடிப்படை மாறவில்லை: அளவு தப்பானால் வரியும் தப்பு. நோட்டீஸ் வந்தால் முதலில் அதில் உள்ள சதுர அடியை உங்கள் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையா? உள்ளாட்சி ஆணையரிடம் ஆட்சேபித்து மனு கொடுக்கலாம். போட்ட வரியைத் திருத்தச் சொல்வது குற்றமில்லை. வரி போட்ட மன்றோவே அதைத்தான் செய்தார்.